சி-க்கும் டி-க்கும் நடுவில் நேசன்

நவம்பர் 17, திங்கள்

ஈரப் பனி. நிலத்தில் படியவில்லை, என் கார்க் கண்ணாடியில் மட்டும் படிகிறது. குளிர்கால டயர் இன்னும் கராஜில்.

லப்டொப் காலையிலிருந்து ஒரே முறைப்பாடு: சி டிரைவில் இடமில்லை. சிவப்புக் கோடு. பக்கத்தில் டி டிரைவ், முக்கால்வாசி வெறுமை. ஒரே பெட்டிக்குள் ஒருவன் நெரிபட, மற்றவன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். டி-யில் என் சரக்கு மட்டும்: மேடைப் பேச்சுகள், பாதியில் விட்ட கட்டுரைகள், சனிக்கிழமை ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கான பகிடிகள்.

என் மனைவி வசந்தி: "இஞ்சேருங்கோ, நேசனைக் கூப்பிட்டா அஞ்சு நிமிசத்தில செய்து தருவான். நல்ல பிள்ளை."

நல்ல பிள்ளைக்கு வயது நாற்பத்து நாலு. யூனியன்வில்லில் வீடு, வங்கியில் கம்பியூட்டர் வேலை, தலை நிறைய மயிர். இவ்வளவும் மன்னிப்பேன். மூன்று வருடத்துக்கு முன் மேடையேறிப் பகிடி சொல்லத் தொடங்கியதை மன்னிக்க முடியாது. பதினான்கு வருடமாக அந்த மேடையில் சிரிப்பு என்றால் நான். இந்த வருட நிகழ்ச்சிநிரல்: நேசன் 15 நிமி., நான் 15 நிமி. அவர் பெயர் மேலே.

கூப்பிடமாட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. ஒஷாவா வேலையிலிருந்து ரூஜில் உள்ள வீட்டுக்கு வர ஒன்றரை மணித்தியாலம்.

பார்த்த வீடியோக்கள் மூன்று. மூன்றிலும் ஒரே மந்திரம்: சி-யின் மேல் வலது கிளிக், 'எக்ஸ்டெண்ட்'. எல்லாருக்கும் வேலை செய்யும் அந்தச் சொல் எனக்கு மட்டும் சாம்பல் நிறம். அமத்தினால் ஊமை. மூன்றாவது வீடியோக்காரர் சொன்ன வழி: டி-யை அழித்தால் வெற்றிடம் வரும், சி அதற்குள் நீளும். அழிக்கமுன் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுக்கவும்.

செய்ய வேண்டியவை:
– யூ.எஸ்.பி. ஒன்று
– அதில் பிரதி
– டயர்
– வசந்திக்கு நெத்தலி (பெரிது வேண்டாமாம்)

பிரதி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. திரையில் கிடந்த என் கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டேன். இதற்குப்போய் நேசன் வேண்டுமாம்.

சனிக்கிழமைச் சரக்கின் தலைப்பு 'கம்பியூட்டர் தம்பி'. நாற்பது பகிடி. நாற்பதும் நேசன். மேடையில் பெயர் சொல்லமாட்டேன், சனத்துக்கு விளங்கும். கோப்பில் மட்டும் நேசன் என்றே கிடக்கிறது. அந்தப் பெயரை அடித்தால்தான் கை ஓடுகிறது. கடைசியில் மாற்றலாம்.

7. நேசன் வீட்டு மணியை அடித்தால், வேலையில் நிற்கும் நேசன் போனுக்குள்ளால் "வாங்கோ, வாங்கோ" என்பார். கதவு திறக்காது.

22. நேசன் வீட்டு லைட்டுகள் சொல்வழி கேட்கும். ஆனால் நேசனின் இங்கிலீஷ் அவற்றுக்கு விளங்காது. மகள் சொன்னால்தான் அணையும். மகள் யூனிவர்சிட்டிக்குப் போன நாளிலிருந்து மனுசன் பகல்போல வெளிச்சத்தில்தான் நித்திரை.

நல்ல சரக்கு. வாசித்து நானே சிரித்தேன்.

நவம்பர் 19, புதன்

டி-யை அழித்தேன். "நிச்சயமா?" என்று கேட்டது. இந்த வீட்டில் யாரும் எனக்குத் தராத மரியாதை. ஆம் என்றேன். நீலக் கோடு கறுப்பானது.

எக்ஸ்டெண்ட் இன்னும் சாம்பல்.

சரி, திருப்பி வைப்போம் என்று யூ.எஸ்.பி.யைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம், மூலையில் குட்டி அம்புக்குறி. இரண்டு கிலோபைட். திரையில் இருந்தது கோப்புறை அல்ல, அதற்குப் போகும் வழியாம். வீட்டைத் தூக்கி வருகிறேன் என்று விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, வீட்டையும் இடித்தாயிற்று.

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். நாற்பதில் ஏழு வந்தது. அதில் மூன்று சிரிப்பு வராதவை. இன்னும் மூன்று நாள்.

வசந்தி: "முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு? நெத்தலி சரியில்லையோ?"

சொன்னேன். ஏசவில்லை. அதைவிட மோசம், போனை எடுத்தாள். "நேசன், அண்ணை ஒரு வேலை பாத்து வைச்சிருக்கிறார்."

நவம்பர் 20, வியாழன்

வெயில், ஆனால் வெறும் காட்சிக்கு.

நேசன் வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தார். வசந்தி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மீன் றோல்ஸ் பொரித்திருந்தாள். எனக்கு அது பிறந்தநாளுக்கு மட்டும் கிடைப்பது.

"அழிச்சதுக்குப் பிறகு அதில புதுசா ஒண்டும் எழுதேல்லத்தானே அண்ணை?"

"இல்லை."

"அப்ப பயமில்லை. பேர்தான் அழிஞ்சிருக்கும், சாமான் அங்கதான் கிடக்கும்."

எக்ஸ்டெண்ட் ஏன் சாம்பல் என்று வசந்தி கேட்டாள். நேசன் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

"அன்ரி, இது அண்ணையின்ர காணி. அது வெறுங்காணி. நடுவில ஒரு சின்னத் துண்டு தெரியுதோ? லப்டொப் பழுதானா திருப்பி எழுப்பிறதுக்கெண்டு கொம்பனிக்காரன் விட்ட காணி. அதைத் தாண்டி வேலியை அரக்க ஏலாது."

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரில் அரை முழத்துக்காக என் அண்ணனுடன் ஒன்பது வருடமாக வேலிச் சண்டை பிடிப்பவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. நல்ல பகிடி. என்னுடையதாக இருந்திருக்கவேண்டியது.

(நான் அண்ணை, என் மனைவி அன்ரி. என்ன முறையோ. வசந்திக்கும் அது பிடிக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.)

பிறகுதான் குண்டு. நேரம் எடுக்குமாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம்.

"கிடைக்கிறதை ஒவ்வொண்டாத் திறந்து பாத்துத் தாறன் அண்ணை."

"திறக்கத் தேவையில்லை தம்பி. சும்மா எடுத்துத் தாரும்."

"திறக்காட்டி சரியா வந்ததோ எண்டு எப்பிடித் தெரியும்?"

என் நாற்பது பகிடியும் அவர் கக்கத்தில் போயின. கிடைக்காவிட்டால் சனிக்கிழமை நான் ஊமை. கிடைத்தால் அவர் வாசிப்பார். எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

போன் இல்லை. மத்தியானமும் இல்லை.

வசந்தி: "ஏன் போனையே பாத்துக்கொண்டிருக்கிறியள்? பொம்பிளை வீட்டுக்காரர் பதில் சொல்ல இருக்கினமோ?"

ஐந்து மணிக்கு நேசன் வாசலில். எல்லாம் வந்துவிட்டது. நடுக்காணியையும் ஓரத்துக்கு அரக்கி, சி-யையும் அகலமாக்கி, டி-யைப் பழைய இடத்தில் இருத்தியிருக்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. காரில் ஏறும்போது மட்டும்:

"அந்தக் கதவுமணி நல்லா இருந்தது அண்ணை."

போய்விட்டார். நான் வாசலில், செருப்பில்லாமல்.

இருந்து நாற்பது இடத்தில் நேசனை எடுத்துவிட்டு 'ஒரு தம்பி' போட்டேன். கோபித்தால் கோபிக்கட்டும். மேடையை விடமாட்டேன்.

நவம்பர் 22, சனி

மண்டபம் நிறைய. நேசன் முதலில்.

"எல்லாருக்கும் வணக்கம். என்ர வீட்டுக் கதவுமணியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது."

ஏழு. பிறகு இருபத்திரண்டு. பிறகு ஒவ்வொன்றாக, தன் பெயரைத் தானே போட்டு, தன்னைத் தானே கிழித்து. நான் எழுதும்போது இவை இவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. முன்மேசை அம்மா ஒருவர் சிரிப்பில் சம்பலை மடியில் கொட்டினார். வசந்தி கண்ணைத் துடைத்தாள்.

கடைசியில்: "இவ்வளவும் எழுதினது அண்ணை. என்ர பேரையே போட்டு எனக்கெண்டு எழுதி வைச்சிருந்தவர். கேக்காமல் சொல்லிப்போட்டன், மன்னிக்கவேணும்."

மண்டபம் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. எழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

அடுத்தது நான். சட்டைப்பையில் அதே நாற்பது. "சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நாலு பேர் சிரித்தார்கள். பசிதான் காரணம்.

உண்மையில் தனக்கு எழுதியது என்றே நினைத்தாரா, இல்லை என்னைச் சுத்தமாக முடித்தாரா? முதலாவது என்றால் எனக்கு அந்த மனசின்மேல் பொறாமை. இரண்டாவது என்றால் அந்த மூளையின்மேல்.

நவம்பர் 23, ஞாயிறு

டயர் மாற்றியாயிற்று. பனி நின்றுவிட்டது.

சங்கச் செயலாளர் பரமண்ணை போன்: "ஐசே, இனி ஒவ்வொரு வருசமும் நீர் எழுதும், நேசன் பேசட்டும். நல்ல சோடி."

குசினியிலிருந்து வசந்தி: "ஓம் எண்டு சொல்லுங்கோ."

பார்ப்போம் என்றேன்.

லப்டொப்பில் இப்போது இடத்துக்குக் குறைவில்லை. புதுக் கோப்பு திறந்தேன்.

41. ரூஜில் ஒரு அண்ணை இருக்கிறார். ஒருவனை அவமானப்படுத்த ஒரு வருடம் இருந்து எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்து, சபையில் நன்றியும் வாங்கிக்கொண்டு வந்தவர்.

இதை நான் சொன்னால்தான் எடுபடும். டி-யில் வைக்கக்கூடாது.