கணினிக்குக் கேட்கும்படி

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

மொழிபெயர்ப்பு வேலைக்காக அலுவலகம் நான் தங்கியிருக்கும் அறையில் வைத்திருக்கும் கணினியை எந்நேரமும் அணைக்கக் கூடாதாம். சட்டை மாற்றக் கூச்சப்பட்டுக் கேமராவின்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். மைக்கை மறந்துவிட்டேன். நேற்று கணினிவழிக் கூட்டத்தில் மேலாளர், "என்ன பெரியவரே, போன்ல வீட்டம்மாவுக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கே!" என்றார். எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்துவைத்தேன். இப்போது இருமக்கூட யோசிக்கிறேன்.

வேலையை விட்டுப் போகிறேன் என்று மேலாளரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ திட்டுவாய், சரிதான். ஆகவே ஞாயிறன்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கணினியருகே வைக்கிறேன். "என்னால தனியா முடியல, உடனே கிளம்பி வாங்க" என்று சத்தமாக அழு. அவர்கள் கேட்கட்டும். தயவுசெய்து நடுவில் சிரித்துவிடாதே.

பேனா கீறும் சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறையில் சத்தமே இல்லையென்றால் தேடுவார்கள், போகிறேன்.

உன் கணவன்