தேயாத ஸ்பூன்

என்னங்க,

'எப்போது வருவாய்?' என்று ஒற்றை வரியில் எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. பதிலுக்கு முன் ஒரு விஷயம். இரண்டு நாளாக அது என் மண்டையைக் குடைந்தது.

அண்ணனுடைய பழம்பொருள் கடைக்கு வெள்ளியில் செய்த டீ சாமான்கள் வந்திருக்கின்றன. ஜாடி, வடிகட்டி, ஒரு டஜன் சின்ன ஸ்பூன். துடைப்பது நான். எல்லா ஸ்பூனிலும் காம்பின் அடிப்பக்கம் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் தேயவே இல்லை.

அண்ணன் விளக்கினார். "அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க டீ விருந்துல வேணாம்னு வாயத் தொறந்து சொன்னா மரியாதை இல்ல. ஸ்பூன கப்பு மேல குறுக்க வைக்கணும். அதுவரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. கப்பு விளிம்பு பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு."

விவரம் தெரியாதவன் வயிறு வெடிக்கக் குடித்திருப்பான்! சரி, போதும் என்றே சொல்லாத இந்த ஒரு பேராசைக்காரர் யார்? பூதக்கண்ணாடியும் கையுமாக மல்லுக்கட்டினோம்.

"பின்னால செஞ்சு சேர்த்திருப்பாங்க," என்றார் அண்ணன். பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே முத்திரை.

எங்களுக்கு டீ கொண்டுவந்த அண்ணி தட்டை வைத்தபடியே சொன்னார். "அது அந்த வீட்டுக்காரியோடதா இருக்கும். ஊத்திக் குடுக்கிறவளுக்கு யாரு ஊத்துனா, அவ போதும்னு சொல்றதுக்கு?"

அண்ணன் எழுந்து, தன் நாற்காலியை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று உங்களுக்குத் தெரிகிறதா, பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி