தோற்பார் எனப்பட்டோர் தேறிய வழக்கு

மழை பொய்க்காத முல்லைவள நாட்டின் காவலரும், கல்விக்கூடத்தைக் கோட்டையினும் பெரிதாகப் போற்றுபவருமாகிய பெருமன்னர் இளந்தத்தரின் திருவுளப்படி, முதலமைச்சர் நல்வேட்டன், ஆற்றங்கரைக் கணிதப் பெருங்கழகத்தின் தலைமை ஆசான் எயினந்தையாருக்கு விடுக்கும் ஓலை. உமது கழகம் ஓங்குக. அங்குப் பயில்வோர் நலம் பெறுக. உமது சினமும் இதற்குள் தணிந்திருக்கும் என நம்புகிறோம்.

உமது கழகத்தில் கணிதம் பயிற்றும் கணக்காயர் நறுங்கோதையார் மீது நீர் அனுப்பிய முறையீடு அவையில் படிக்கப்பட்டது. பின்னக் கணக்குத் தேர்வில் இன்னின்னார் தோற்பர் என்று பருவத் தொடக்கத்திலேயே அவர் பெயர் குறித்துக் கொடுத்ததாகவும், அவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் தேறிவிட்டமையால் அவர் கணிப்பு வெறும் பிதற்றல் என்றும், அவரைப் பதவி நீக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். சிரிப்பை அடக்க அவையோர் பெரும்பாடு பட்டனர்.

அத்தேர்வில் தவறியவர் மீண்டும் கழகத்துள் கால் வைக்க முடியாது என்பது உங்கள் வழக்கம். ஆண்டுதோறும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறும் பிள்ளைகளைக் கண்டு நறுங்கோதையாருக்கு வயிறு எரிந்தது. வகுப்புக்கு வராதவர் யார், வாரத் தேர்வில் சறுக்கியவர் யார், வாயே திறவாதவர் யார் என்று பல ஆண்டுத் தரவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். எதுவும் உறுதியாகக் கைகொடுக்கவில்லை. பிறகுதான் மாணாக்கர் விரலால் கணக்கு எழுதும் உங்கள் மணற்பலகைகள் அவர் கண்ணில் பட்டன. ஆசிரியர் அருகில் வருமுன் தம் கணக்கை அவசரமாக அழித்துவிடுவோரே பெரும்பாலும் தோற்றிருந்தனர். தவறு எவர் கண்ணிலும் படாததால் திருத்துவாரும் இல்லாமல் போயினர்.

அவர் குறித்த பெயர்களைக் கண்டதும், தோற்கப்போகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை, இன்றே அனுப்பிவிடலாம் என்றீர். அவரோ தம் பதவியையே பணயம் வைத்து, தேர்வுவரை அவர்களைத் தம்மிடம் விடுமாறு மன்றாடினார். அழிக்காமல் தவறோடு காட்டுமாறு சொல்லி நாள்தோறும் அவர்கள் அருகில் அமர்ந்தார். அவர்கள் கூசினர், சிலர் அழுதனர். அவரோ ஒவ்வொரு தவற்றையும் அவர்களோடு சேர்ந்து திருத்தினார்.

தேர்வில் சூது நடந்ததோ என்ற உமது ஐயத்தைத் தீர்க்க, பெயர் குறிக்கப்பட்டோருள் ஒருத்தியான உப்பு வணிகர் மகள் மருதியை அவைக்கு அழைத்து, மன்னர் தாமே கணக்குக் கொடுத்தார். பாதியில் அவள் விரல் நின்றது. கை மணலை அழிக்க நீண்டது. நறுங்கோதையார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மருதி கையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து, "அரசே, இந்த வரியில் தவறியிருக்கிறேன். அழிக்க மாட்டேன், எல்லோர் முன்னிலும் திருத்துகிறேன்" என்றாள். திருத்தினாள், விடையும் வந்தது. அவை எழுந்து ஆர்ப்பரித்தது. ஆணைக்குக் காத்திராமல் முரசறைந்த காவலனை மன்னர் மன்னித்தருளினார். நறுங்கோதையார் கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. எங்களில் பலரும் துடைக்கவில்லை.

ஆகவே மன்னர் ஆணை இது. நறுங்கோதையார் தம் பதவியில் நிலைபெறுவார். ஆண்டுதோறும் அவர் பெயர் குறிப்பார். குறிக்கப்பட்டோர் அருகில் மணற்பலகையோடு நீரும் அமர்வீர். அவர் கணிப்பு ஒவ்வோர் ஆண்டும் பொய்க்க வேண்டும். அது மெய்யாகும் ஆண்டில், மூட்டை கட்ட வேண்டியவர் மாணாக்கர் அல்லர், நீர்.

நாரை முத்திரை பொறித்து விடுத்தோம். தலைமேற்கொண்டு நிறைவேற்றுக.