கதவு நிலையில் பதினெட்டுக் கோடுகள்

ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் அழகாக்கும் பெயிண்டர் ஐயாவுக்கு,

மூன்று நாள் லீவில் வந்தீர்கள். நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது, சமையலறைக் கதவு நிலையை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். நான் உள்ளே நுழைய, நீங்கள் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். போனில் கேட்டால், "பென்சில் கிறுக்கலா இருந்துச்சு, அதான்" என்கிறீர்கள்.

கிறுக்கலா அது? உங்கள் மகள் எழுந்து நின்ற நாளிலிருந்து மாதாமாதம் அவள் உயரத்துக்கு நான் போட்ட கோடு. பதினெட்டு! ஒவ்வொரு தடவையும் நுனிக்காலில் எம்புவாள், கள்ளி. "குதிகாலைக் கீழ வை" என்றால், எம்பிக்கொண்டே "வெச்சிட்டேன்" என்பாள். அழுத்தம் அப்படியே உங்களுடையது.

நீங்கள் பார்க்கத்தானே போட்டு வைத்தேன்? ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திரும்பினீர்களா?

நீங்கள் போனதும் நிலையைப் பார்த்தவள், "அம்மா, பாப்பா காணோம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிடிப்பதற்குள் வழக்கம்போல் நிலையில் முதுகை ஒட்டி நின்றுவிட்டாள். ஈர பெயிண்டில் அவளுடைய நாலு முடி ஒட்டிக்கொண்டது.

அடுத்த லீவில் அதன்மேல் உப்புத்தாளை வைத்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். பென்சிலை எடுங்கள். அந்த முடிக்கு மேலே எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று நீங்களே கோடு போடுங்கள். குதிகாலைப் பார்த்துப் போடுங்கள், ஏமாற்றுவாள்.

கோபம் ஆறாமல்,
உங்கள் மகளின் அம்மா