ஆடி பிறப்பதற்குள் ஒரு கையெழுத்து

23 ஜூன் 2025, திங்கள்

போதும். பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி எழுதியாவது வைக்கிறேன்.

நேற்று மதியம், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் என் மைத்துனன் கிரீஷ் அறிவித்தான். வங்கி வேலையை விட்டுவிட்டானாம். ஜார்ஜியாவுக்குப் போய் டிபன் கடை வைக்கப் போகிறானாம். அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா அல்ல. கருங்கடல் ஓரத்தில் இருக்கும் நாடு. தலைநகர் திபிலீஸியில் டாக்டருக்குப் படிக்கும் இந்தியப் பிள்ளைகள் இட்லிக்கு ஏங்கிக் கிடக்கிறார்களாம்.

யாரைக் கேட்டு முடிவெடுத்தான்? யூட்யூபில் ஒரு பஞ்சாபிக்காரரை. லேக் மார்க்கெட்டில் வாழை இலை விற்பவரை. அவன் மனைவி ப்ரியாவின் பல் டாக்டரை. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் இருபத்தேழு வருடமாக ஏற்றுமதிப் பத்திரம் எழுதுகிற நான் எதிரிலேயே உட்கார்ந்து அப்பளம் உடைத்துக்கொண்டிருந்தேன். நான் எந்த நாட்டுக்கும் போனதில்லை, உண்மைதான். ஆனால் எந்த நாட்டில் எந்தத் தாளுக்கு எத்தனை முத்திரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேட்டால்தானே?

"அத்திம்பேர், அந்த ரசத்தை இப்படித் தள்ளுங்கோ" என்றான். தள்ளினேன்.

2014-இல் இந்த வங்காள ஊரில் நம் தமிழ்ச் சங்கத்தில் சூயஸ் கால்வாய் பற்றி நான் பேசினேன். நன்றியுரை சொன்னவன் இதே கிரீஷ். "நீளமாக இருந்தாலும் பயனுள்ள உரை" என்றான். நாற்பது பேர் சிரித்தார்கள். நான் எதையும் மறப்பதில்லை.

30 ஜூன், திங்கள்

பாலிகஞ்ச் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டான். அவன் திபிலீஸிக்குப் போய்விட்டான். ப்ரியாவும் பத்தொன்பது அட்டைப்பெட்டிகளும் லேக் கார்டன்ஸில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேறு எங்கே? என் அறைக்கு.

ஒன்பதுக்கு எட்டு அடி அறை. என் மேஜை, என் அலமாரி, என் ஜன்னல். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மேஜை இப்போது பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே.

"கடை திறக்கற வரைக்கும்தான் அண்ணா. ரெண்டு மாசம்" என்றாள் ப்ரியா.

"திறக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"ஏன்னா, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் என் மனைவி சுந்தரவல்லி.

கேட்டது நியாயமான கேள்வி. திறக்காவிட்டால் கிரீஷும் திரும்பி வருவான். அவர்களுக்கு வேறு வீடு இல்லை. அப்புறம் அந்த அறையை நான் ஜன்மத்துக்கும் பார்க்க முடியாது.

3 ஜூலை

ப்ரியா அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறாள். காலை ஐந்தரைக்கு. என் அறையிலிருந்து சரளி வரிசை.

8 ஜூலை

இன்றும் சரளி வரிசை. அதே வரிசை. அந்தக் குழந்தைக்கு வராது. யாராவது சொல்ல வேண்டும்.

14 ஜூலை, திங்கள்

கேட்டான்! மூன்று வாரம் கழித்து, கடைசி ஆளாக, ஆனாலும் கேட்டான்.

காலை பதினொன்று பத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது பக்க வாடகை ஒப்பந்தம். "அத்திம்பேர், நீங்க இந்த மாதிரி பேப்பரெல்லாம் பார்த்தவர். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கோ. புதன்கிழமை கையெழுத்து." முதல் பக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. ஜார்ஜிய மொழி.

எங்கள் ஏஜென்ஸிக்கு அந்த நாட்டுத் துறைமுகத்தில் ஒரு ஆள் உண்டு. ஒரு மெயில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆங்கிலத்தில் வந்துவிடும்.

போடவில்லை. பல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மாலை ஐந்து மணி வரை காக்க வைத்துவிட்டு எழுதினேன்: "பார்த்தேன். சரியாக இருக்கிறது." திறக்கவே இல்லை. அப்படியொரு திருப்தி. மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

16 ஜூலை, புதன்

அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட வைத்தாள் சுந்தரவல்லி. தம்பி கையெழுத்துப் போடுவதை வீடியோவில் எல்லோரும் பார்க்க வேண்டுமாம். நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆகவே இன்றைக்கே.

திபிலீஸியில் கடைக்குச் சொந்தக்காரி மனானா என்ற அம்மாள். அறுபது வயது, கறுப்பு உடை, கையில் பேனாவோடு தயார். அங்கே மணி பத்தரை. ஒரு பையன் அவளுக்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இருடா!" என்று சுந்தரவல்லி கத்தினாள். "இங்க பன்னெண்டு மணி. ராகு காலம் ஆரம்பிச்சாச்சு."

"அக்கா, இங்க பத்தரைதான்."

"ராகு எந்த ஊர் கடிகாரத்தைப் பார்ப்பார்?" என்றாள் அக்ஷரா. என் மகள். காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். வீட்டில் வங்காளம் பேசுகிறாள்.

பத்து நிமிடம் விவாதம். பிறந்த ஊர்க் கணக்கா, போன ஊர்க் கணக்கா? புரோகிதம் செய்யும் வாத்தியாருக்குப் போன் செய்தால் அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் சுந்தரவல்லி தீர்ப்புச் சொன்னாள்: இரண்டையும் தவிர்த்துவிடலாம். இந்திய ராகு காலம் அங்கே பத்தரையிலிருந்து பன்னிரண்டு. உள்ளூர் ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. மூன்று மணி நேரம்.

மனானாவுக்கு விஷயத்தைக் கிரீஷ் எப்படி விளக்கினானோ தெரியாது. அவள் சகஜமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ரொட்டி, சீஸ், ஒரு ஜாடி ஒயின் எல்லாம் கொண்டுவந்து பரப்பினாள். ஒவ்வொரு தம்ளருக்கும் எழுந்து நின்று ஒரு பேச்சு. கிரீஷ் ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு அவள் செத்துப்போன புருஷனுக்கு, இந்தியாவுக்கு, எங்கள் எல்லோருடைய ஆரோக்கியத்துக்கு என்று எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தான்.

ஒன்றரை ஆனதும் மனானா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ஊருக்கு ரயில். மொழிபெயர்த்துப் படித்துக் காட்டவென்று வந்த பையன் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"படிக்க வேண்டாமா?" என்றாள் ப்ரியா.

"அத்திம்பேர் பார்த்துட்டார்" என்றான் கிரீஷ், கேமராவை நோக்கி ஒரு சிரிப்புடன். கையெழுத்துப் போட்டான். சுந்தரவல்லி இங்கே கற்பூரம் காட்டினாள்.

நான் காபி கலக்க உள்ளே போனேன். எனக்குக் காபி கலக்கத் தெரியாது.

25 ஜூலை, வெள்ளி

இரண்டு கிரைண்டர், நாலு அடுக்கு இட்லிப் பாத்திரம், மூன்றடி தோசைக்கல். கிடர்பூரிலிருந்து கப்பல் ஏறிவிட்டன. பத்திரம் முழுக்க நானே எழுதினேன். ஒரு அடித்தல் கிடையாது.

பக்கத்து மேஜை பிஸ்வாஸ்தா எட்டிப் பார்த்தார். அலுவலகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'தா', அதாவது அண்ணா. "நாராயண்தா, வங்காளி வெளிநாட்டுக்குப் போனா படிக்கப் போவான், இல்ல வேலைக்குப் போவான். கிரைண்டரோட போறது உங்க ஆளுங்க மட்டும்தான்" என்றார்.

"என் ஆள் இல்லை. மனைவியின் தம்பி" என்றேன்.

9 ஆகஸ்ட், சனி

வந்தது.

கிரீஷ் கடைக்குள் காஸ் அடுப்பை இறக்கியிருக்கிறான். மனானா மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்திருக்கிறாள், கையில் ஒப்பந்தத்தோடு. வெளியில் சமைத்துக் கொண்டுவந்து விற்பான் என்று நினைத்தாளாம். வீடியோவில் அந்தத் தாளை எங்களுக்குக் காட்டினான். அக்ஷரா தன் போனை அதற்கு நேரே பிடித்தாள். எழுத்தெல்லாம் ஆங்கிலமாக மாறியது. பதினோராவது ஷரத்து: வீடு நூறு வருடத்து மரக்கட்டடம், வாடகைக்கு விட்ட பகுதிக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, வேகவைத்தல், வறுத்தல், பொரித்தல், ஆவி எழுப்புதல் எதுவும் கூடாது.

"தூர் மாமா! இது இட்லிக் கடைக்கு எதிரா யாரோ உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு" என்றாள் அக்ஷரா, வங்காளச் சலிப்போடு.

ப்ரியா அழ ஆரம்பித்தாள். சுந்தரவல்லி போனைப் பிடுங்கினாள். "படிக்காமயாடா கையெழுத்துப் போட்டே? படிச்சவன்தானே நீ? கண்ணை எங்க வெச்சுண்டிருந்தே?"

அவன் நேரே பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் நான் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். கட்டாயம் தெரிந்திருப்பேன்.

"என் தப்புதான் அக்கா. அவசரத்துல படிக்கல."

அவ்வளவுதான்.

அயோக்கியன். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சண்டை முடிந்திருக்கும். இப்போது நான் என்ன செய்ய?

10 ஆகஸ்ட்

இன்று யாரும் என் மேல் கோபப்படவில்லை. தாங்க முடியவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

மெயில் போட்டேன். நாலே வரி. ஒப்பந்தத்தை இணைத்து. நான்கு மணிக்கெல்லாம் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நான்கு மணிக்கெல்லாம்!

ஒன்பது பக்கத்தையும் டிகாக்ஷன் போலச் சொட்டுச் சொட்டாக இறக்கிப் படித்தேன். இரண்டு விஷயம். ஒன்று: அறுபது நாளுக்குள் கடை திறக்காவிட்டால் சொந்தக்காரி இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதாவது செப்டம்பர் பதினான்கு. இரண்டு: மூன்றாவது ஷரத்தில் 'வாடகைக்கு விட்ட பகுதி' எதுவென்று சொல்லியிருக்கிறது. முன் அறை, பின் அறை. முடிந்தது. கொல்லைப்புறமும் அங்கே இருக்கும் பழைய ரொட்டி சுடும் கொட்டகையும் அதில் சேர்த்தி இல்லை. மனானா சம்மதித்தால் அங்கே நெருப்பு மூட்டலாம்.

இதை அவனிடம் சொல்ல வேண்டுமானால், போன மாதமே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மதிய இடைவேளையில் நானே போன் செய்தேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவனுக்கு நான் போட்ட முதல் போன்.

"அத்திம்பேர்? என்ன ஆச்சு? அக்காவுக்கு ஏதாவது..." என்றான்.

"அக்கா நன்னா இருக்கா. கிரீஷ், அந்த ஒப்பந்தம். அன்னிக்கு நான் திறந்தே பார்க்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க ஒரு பேப்பரைப் படிச்சா தப்பு கண்டுபிடிக்காம விடுவேளா? 'சரியா இருக்கு'ன்னு எழுதினப்பவே சந்தேகமா இருந்தது. நான் வேற யாரையாவது கேட்டிருக்கணும். என் முட்டாள்தனம்."

பதினேழு நிமிடம் ஷரத்து ஷரத்தாக விளக்கினேன். குறுக்கே பேசவே இல்லை. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முடிந்ததும், "நீளமா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தான்.

போனை வைத்துவிட்டேன். சிரிக்கவில்லை. பிஸ்வாஸ்தா நான் சிரித்ததாகச் சொல்கிறார். அவர் கண்ணாடி மாற்ற வேண்டும்.

27 ஆகஸ்ட், விநாயக சதுர்த்தி

மனானா பிடி கொடுக்கவில்லை. கிரீஷ் கையில் நெருப்பை நம்பிக் கொடுக்க மாட்டாளாம். பதினெட்டு நாள் பாக்கி. கொழுக்கட்டை சரியாக வேகவில்லை.

ப்ரியா பெட்டிகளைப் பிரித்து சாமான்களை என் அலமாரியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

6 செப்டம்பர், சனி

மனானா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. கொட்டகையில் அடுப்பு அவளுடையது. அவளே சமைப்பாள், கிரீஷ் சொல்லித் தரலாம், தொடக் கூடாது. முதல் பாடம் தயிர்சாதம். அந்த ஊர்த் தயிர் நம் தயிர் மாதிரியே இருக்கிறதாம். அவள் ருசி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, நாலு பல் பூண்டை நசுக்கிப் போட்டாளாம்.

"தயிர்சாதத்துலயா!" சுந்தரவல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல மாதுளை முத்தும் போட்டா, அக்கா. அது ஓகே."

"மாதுளை போடலாம். பூண்டு என்னடா பூண்டு?"

14 செப்டம்பர், ஞாயிறு

கடைசி நாளில் கடை திறந்துவிட்டது. நேரம் பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. சுந்தரவல்லியும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம். முதல் நாள் அறுபத்தோரு தட்டு தயிர்சாதம். இந்தியப் பிள்ளைகள் பூண்டைப் பொறுக்கி ஓரமாக வைக்கிறார்களாம். உள்ளூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்களாம்.

19 செப்டம்பர்

கிரைண்டர் திங்கட்கிழமையே வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. சுங்கத்தில் ஒரு கேள்வி இல்லை. இட்லிக்கு அரைத்த முதல் மாவு மறுநாள் பொங்கவில்லையாம். மனானா கிரைண்டரைக் கைப்பற்றி வால்நட் அரைக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அரைத்துத் தருகிறாளாம்.

சுங்கப் பத்திரத்தில் 'இட்லி மாவு அரைக்கும் இயந்திரம்' என்று எழுதியிருந்தேன். பரவாயில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

துர்கா பூஜோ முடிந்து ப்ரியா இன்று கிளம்பினாள். பெட்டிகள் போய்விட்டன. டாக்ஸியில் ஏறும்போது, "ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன் அண்ணா" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "அந்த ஐந்தரை மணிக் குழந்தையை வீணைக்கு மாத்திப் பாரு" என்றுதான் வந்தது.

11 அக்டோபர், சனி

மேஜை மறுபடி ஜன்னலோரம்.

நம் சங்கத்தின் முகநூல் குழுவில் ஷ்யாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வியட்நாமில் காபிக் கடை வைக்கப் போகிறாராம், மார்கழி பிறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமாம், அனுபவமுள்ளவர்கள் சொல்லவும். முப்பத்திரண்டு பதில். எல்லாம் 'ஆல் தி பெஸ்ட்', கைகூப்பிய படம், ஒருவர் மட்டும் அங்கே மழை அதிகம் என்கிறார். தாளைப் படி என்று ஒருத்தர் சொல்லவில்லை. சொந்தத்தில் ஒருவன் 'பார்த்தேன்' என்றால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேள் என்றும் சொல்லவில்லை.

என்னை அவர் கேட்கவில்லை. இருந்தாலும் காலையிலிருந்து இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். தட்டச்சுப் பிரதியில் ஊரையும் உறவையும் மாற்றிவிட்டேன். நான் செய்ததை மாற்றவில்லை. அங்கே பெயர் தெரியாமல் போடுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. அக்ஷரா சொல்லிக் கொடுத்தாள்.

பெயரில்லாமல்தான் போடப் போகிறேன். வெட்கத்தால் அல்ல. பெயர் போட்டால் கிரீஷ்தான் முதல் ஆளாக வந்து, 'சூப்பர் அத்திம்பேர்' என்று எல்லோர் முன்னாலும் எழுதுவான். அதை என்னால் தாங்க முடியாது.