தடுப்பூசி வேனுக்கு நான் இழுத்த ஒயர்

மார்ச் 3, செவ்வாய்

குழந்தைகளுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் வேன் எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்னால் புதுக் குளிர்பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கரண்டு கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தந்துவிடுவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சின் அவர், ஒயரிங் நான். நாள் சொல்வது மட்டும் எப்போதும் அவர்!

ஓட்டுநருக்கு ஒரே அவசரம். “போன் சார்ஜ் போடுற ஓட்டை இருக்குல்லம்மா, அதுலயே சொருகி விடுங்க. பத்து நிமிஷ வேலை.”

மார்ச் 4, புதன்

பழைய பெட்டிக்கு யாரோ இழுத்திருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். நூல் மாதிரி ஒயர். ஹாரன் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. ஃபியூஸ்? தேடினேன், தேடினேன் — இல்லவே இல்லை. ஓட்டுநர் சீட்டுக்கடியில் தகட்டு விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போய், செம்பு பல்லிளிக்கிறது. சீட்டுப் பஞ்சு உள்ளங்கையளவு கருகியிருந்தது.

ஓட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இதுமேலயா நான் உக்காந்துட்டிருந்தேன்?”

அதற்குப் பிறகு ‘பத்து நிமிஷ வேலை’ என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன். பேட்டரியிலிருந்து பெட்டிவரை தனி ஒயர், நல்ல தடிமனாக. பேட்டரியை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் அந்த ஒயர் போகிற அழகு இருக்கிறதே! கோடு போட்ட மாதிரி.

மார்ச் 6, வெள்ளி

பெட்டி ஓடவில்லை. கிளம்புகிறது, உடனே அணைகிறது. திரும்பத் திரும்ப அதே கதை.

பெட்டியில்தான் கோளாறு என்று, விற்றவரிடம் போனில் கத்தித் தீர்த்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்துவிட்டார்.

“திங்கக்கிழமை மலைக்கு ஏறணும். ஏழு ஊர்ல குழந்தைங்களோட காத்திருப்பாங்க.”

என் வீட்டுக்காரர் என்னைத் தனியே இழுத்தார். “எப்படியாவது இப்போதைக்கு ஓட வச்சு அனுப்பேன். மானம் போவுது.”

“பாதி வழியில நின்னா மருந்து கெட்டுப்போயிடும். அந்த ஊசியக் கொழந்தைக்குப் போடுறதும் ஒண்ணு, போடாததும் ஒண்ணு. வண்டியக் குடுக்க மாட்டேன்.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. நர்ஸ் என் முகத்தையே பார்த்தார். “நாளைக்கு சாயந்திரம் வர்றேன்” என்று கிளம்பிவிட்டார். கோபமா? நம்பிக்கையா? தெரியல. ஒண்ணுமே புரியல எனக்கு.

மார்ச் 7, சனி

தப்பு என்னுடையது.

காலையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். பெட்டி கிளம்பும் நொடியில் அதன் முனையில் பத்துகூட இல்லை. மீதியை எது தின்கிறது? எர்த் போல்ட்! கரண்டு வண்டித் தகட்டின் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம் அது; பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கி வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமா இந்த வேலை செய்யிறேன், எனக்கா இப்படி?

கழற்றி, தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினேன். ஓடியது. நாலு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.

பெட்டி விற்றவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “இதச் சொல்றதுக்குன்னே போன் பண்ண மொத ஆள் நீங்கதாம்மா” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை வைத்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

சாயந்திரம் நர்ஸ் வந்து வண்டியை எடுத்துப்போனார்.

மார்ச் 9, திங்கள்

மலை ஏறியிருப்பார்கள். மதியம் சோற்றுத் தட்டோடு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

வந்துவிட்டார்கள். பெட்டியின் சூட்டுக் கணக்கை நர்ஸ் மணிவாரியாக எழுதி வைத்திருந்தார். ஐந்து டிகிரியை ஒருமுறைகூடத் தாண்டவில்லை. “ஒரு மருந்துகூட வீணாகலம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கக் கிரீஸ். விடவேயில்லை.

அவர்களிடம் இன்னும் இரண்டு வேன் இருக்கிறதாம். எப்போது கொண்டுவரலாம், எத்தனை நாளாகும் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் கை காட்டினார்.

“அத அவகிட்ட கேளுங்க.”

ஒரு வண்டிக்கு நாலு நாள் என்றேன். நர்ஸ் சரி என்றார்.