அந்தரத்தில் நின்ற அப்பா

அன்புள்ள மகளே,

நீ கேட்டபடி, கணினியில் இருந்த குடும்பப் படங்களிலிருந்து புவனேஸ்வரனை அழித்துவிட்டேன். ஒரு படத்தில் மட்டும் முடியவில்லை.

நீ போட்டுத் தந்த மென்பொருள் கெட்டிக்காரச் சரக்குதான். அவன் முகத்தை ஒருமுறை காட்டினேன். அவன் இருந்த படங்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்துவிட்டது. உன் கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாய் நின்ற அவனை அழித்ததும் அந்த இடத்தில் ஒரு வாழைமரம் வந்து நின்றது. அவனுக்கு மரமே மேல் என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் வந்தது குருண் ஊர்க் கோயிலில் எடுத்த படத்தில்தான். பக்கவாதம் வந்தபின் படியேற முடியாத அப்பாவை அவன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நிற்பானே, அது. அவனை அழித்தேன். அப்பா அந்தரத்தில் மிதந்தார். நம் கடையில் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்த காளியம்மா எட்டிப் பார்த்து, "யக்கா, அண்ணன் பறக்குறாரு லா! கீழ யாரு புடிக்கிறது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

அவன் உனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. இங்கே வந்து நின்றால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன். ஆனால் நோயில் விழுந்த பிறகு, போகும்வரை, அப்பா சிரித்த படம் அது ஒன்றுதான். படத்துக்குள் அவனைத் திரும்ப வரவழைத்துவிட்டேன்.

ஆகவே என் பேரம் இதுதான். அந்தப் படம் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்கும். நீ வருவதற்கு முன் போன் போடு, கழற்றி வைக்கிறேன். நீ கிளம்பியதும் மாட்டிக்கொள்வேன். இதற்குமேல் என்னால் குறைக்க முடியாது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா